மச்சான் பிடித்த கயிறு

ஆலந்தலை பஸ்ஸில் என் முன் இருக்கைப் பெரியவர், அட்டையில்லாத புத்தகமொன்றைப் பக்கத்திலிருந்த சங்குப் படகுக்காரரிடம் காட்டினார்.

"கடையில தொங்குத பேய்க்கதையெல்லாம் சப்புன்னு இருக்கு. இது பழைய பேப்பர் கடையில கிடச்சது. இதுல, முத்துக் குளிச்சவன் மேல வந்து வள்ளத்துல உக்காந்துட்டான். ஆனா, தூக்கச் சொல்லி அவன் கயித்த அடியிலேருந்து இன்னும் யாரோ இழுக்கான்."

"கயிறு பிடிச்சது யாரு?"

"குளிச்சவன் பொண்டாட்டிக்குத் தம்பி, மச்சான்தான். அக்கா புருசன்னா கயித்த விடமாட்டான்லா."

"தூக்குனானா?"

"பயந்து அறுத்து விட்டுட்டான்."

திருச்செந்தூர் வந்தது. படகுக்காரர் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, நானும் அக்கா மாப்பிள்ளைக்குக் கயிறு பிடிச்சவன்தான். இத எனக்குத் தந்துருங்க."

"படிக்கவா?"

"ஒளிச்சு வைக்க. அக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பா. அன்னைக்கு மேல வந்தவருகூடதான் இன்னும் இருக்கா."