ஒட்டடைக்கு ஒரு பதில்

அவள்: என்னங்க, இந்த நீல ஸ்வெட்டரை எடுத்துக்கவா, வேணாமா?

அவன்: ம்.

அவள்: ம்னா... எடுத்துக்கவா, வேணாமா?

அவன்: எடுத்துக்கோ, எடுத்துக்கோ. கொஞ்சம் இரு, இந்த ஒட்டடைக்கு ஒரு பதில் போட்டுட்டு வந்துடறேன்.

அவள்: ஞாயித்துக்கிழமை காலையிலயேவா?

அவன்: அது கிழமை பார்த்தா எழுதுது? நேத்து ரெண்டு பக்கத்துக்கு நீட்டி முழக்கியிருக்கு.

அவள்: யாரு அது? பேரே ஒட்டடையா?

அவன்: பட்டப்பேரு. ஆளு யாருன்னு தெரியாது. நம்ம எமுலேட்டர் இருக்கில்ல...

அவள்: புது கம்ப்யூட்டரைப் பழசு மாதிரி நடிக்க வைக்கிற உங்க புரோகிராம்.

அவன்: பரவாயில்லையே, ஞாபகம் வச்சிருக்கே.

அவள்: கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்டுல மூணாவது ஆளா அதுதானே இருக்கு.

அவன்: அது ஒரு பழைய சவுண்டு கார்டு மாதிரியும் நடிக்கும். தயாரிச்ச கம்பெனியையே மூடியாச்சு. பாட்டுப் போட்டா, டம்ளருக்குள்ள ஈ மாட்டின மாதிரி கேக்கும். வேற எதைத் தொட்டாலும் முதல்ல அது உடையுது. எடுத்துடலாம்னு முடிவு பண்ணி, யாராவது பயன்படுத்தறீங்களான்னு நெட்டுல ஊரையெல்லாம் கேட்டோம். ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

அவள்: எடுத்துட வேண்டியதுதானே?

அவன்: கெடு முடியற அன்னிக்கு இந்த ஒட்டடை வந்து நிக்குது. நான் பயன்படுத்தறேன், தினம் காலையில ஓட்டறேன்னு.

அவள்: ஒரே ஒருத்தருக்காகவா...

அவன்: நானும் அதைத்தான் கேட்டேன். ஒருத்தர்னா உங்களுக்கு ஆளாத் தெரியலையான்னு திருப்பிக் கேக்குது. என்ன பதில் சொல்றது? கூட வேலை பார்க்கிறவங்க, நீயே பேசி முடின்னு என் தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க.

அவள்: அப்ப இன்னும் எடுக்கலை?

அவன்: எங்கேர்ந்து எடுக்கறது... பேசி முடிஞ்சாத்தானே.

அவள்: குடையை வச்சாச்சு. சார்ஜரை வச்சாச்சு.

அவன்: எங்கே போறே?

அவள்: அக்கா வீட்டுக்கு. வியாழக்கிழமையே சொன்னேன். நீங்களும் ம்னு சொன்னீங்க.

அவன்: ஓ... ஆமா. எப்ப ரயில்?

அவள்: மத்தியானம்.

அவன்: எப்ப வருவே?

அவள்: டிக்கெட் போறதுக்கு மட்டுந்தான் எடுத்திருக்கேன்.

அவன்: ம்.

அவள்: பெட்டியை மூடியாச்சு.

அவன்: இந்தா பாரு, என்ன எழுதியிருக்குன்னு. பயன்படுத்தறவங்களை எண்ணிப் பார்த்து முடிவு பண்றதா இருந்தா, உங்க எமுலேட்டரையே எப்பவோ மூடியிருக்கணும்னு. என் அடிமடியிலயே கை வைக்குது.

அவள்: ரொம்பத் தொல்லைன்னா பதில் போடாம விட்டுடுங்களேன்.

அவன்: தொல்லைதான். ஆனா ஆளு சாமானியமில்லை. நான் ஒண்ணு சொன்னா, எங்கே ஓட்டைன்னு பார்த்து நேரா விரலை விடுது.

அவள்: எனக்கும் ஆபீஸ்ல அதுதான் வேலை. ஊர்ல இருக்கிற புரோகிராம்ல எல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிறது.

அவன்: நீ சம்பளத்துக்குச் செய்யறே. இது பிறவிக் குணம்.

அவள்: இருக்கும். என்ன பதில் எழுதியிருக்கீங்க? படிங்க, கேப்போம்.

அவன்: உனக்கு எதுக்கு அதெல்லாம்... போரடிக்கும்.

அவள்: படிங்க.

அவன்: "அன்புள்ள ஒட்டடை, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒருவர் என்றால் ஆளாகத் தெரியவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை..."

அவள்: தூங்கலையா? குறட்டை கேட்டுச்சே.

அவன்: ஒரு பேச்சுக்கு எழுதறதுதான்.

அவள்: சரி, மேல படிங்க.

அவன்: "இதற்குள் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். சளி பிடித்திருக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். வெந்நீர் குடிக்கிறீர்களா?"

அவள்: வெந்நீரெல்லாம் விசாரிக்கிறீங்க.

அவன்: ஒரு மரியாதைக்கு.

அவள்: போன வாரம் எனக்கும் சளிதான்.

அவன்: அப்படியா? என்கிட்ட சொல்லவே இல்லையே.

அவள்: சொன்னேனே.

அவன்: எப்போ?

அவள்: ஒட்டடையா எழுதினப்போ.

அவன்: ஒட்டடையாவா?

அவள்: வெந்நீர் குடிச்சேன். இப்ப தேவலை.

அவன்: நீயா? ஆனா... எப்படி?

அவள்: அடுத்த ரூம்லேர்ந்து. போன்லதான். நீங்க தலையைத் தூக்கினாத்தானே.

அவன்: எதுக்குடி இப்படி?

அவள்: வீட்டுல ஒரு கேள்வி கேட்டா "ம்"ங்கிறீங்க. சும்மா விளையாட்டா அங்கே ஒரு கேள்வி போட்டேன், ரெண்டு பக்கம் வந்துச்சு. அதுலயும் எவ்வளவு பொறுமை... அப்புறம் விட மனசு வரலை. நான் நிறுத்தினா நீங்க அந்தக் கார்டைத் தூக்கிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் எனக்கு யாரு எழுதுவா?

அவன்: அப்ப அந்தக் கார்டு...

அவள்: அதைக் கண்ணால கூடப் பார்த்ததில்லை.

அவன்: தினம் காலையில ஓட்டறேன், நேத்துகூடச் சுத்தமா ஓடுச்சுன்னு எழுதியிருந்தியே.

அவள்: புளுகினேன். திட்டணும்னா திட்டிடுங்க, ரயிலுக்கு நேரமாகுது.

அவன்: நேத்து அது ஓடியிருக்க வாய்ப்பே இல்லை.

அவள்: ஏன்?

அவன்: மழைக்காலத்துலயே எடுத்துட்டேன். ஓப்பன் சோர்ஸ்தானே, எல்லாம் வெட்டவெளியிலதான் கிடக்கு. ஒருத்தரும் திறந்து பார்க்கலை. ஒட்டடையும் பார்க்கலை.

அவள்: அப்ப... இவ்வளவு நாளா நான் விட்டது புளுகுன்னு தெரியுமா?

அவன்: எடுத்தப்புறம் முதல் தடவை "ஓடுச்சு"ன்னு வந்தப்பவே தெரியும்.

அவள்: தெரிஞ்சுமா பக்கம் பக்கமா பதில் போட்டீங்க? எடுத்தாச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமே.

அவன்: முடிஞ்சிருக்கும்... அதோட நீங்க எழுதறதை நிறுத்திடுவீங்களேன்னுதான் எழுதலை.