முயலுக்கு வணக்கம் சொன்ன செயற்கூறு

இல்லை, பேய் இல்லை. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். தலைமை தாங்கும் நம் கணினிப் பயிற்சி நிலைய முதல்வர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகள் சான்றிதழ் வாங்குவதைக் காண வந்த தாய்மார்களே, அவர்களுள் ஒருத்தியாகத் தூணோரம் அமர்ந்திருக்கும் என் அம்மாவே, வணக்கம்.

அக்காவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முயல் என்போம் அவளை, முன்பற்கள் அப்படி. இங்கே படிக்கும்போதே காய்ச்சல் வந்தது. போய்விட்டாள். அவள் இருக்கையை எனக்குக் கொடுத்தார்கள். அவள் கணினியை அணைக்க எவருக்கும் கை வரவில்லை. அவள் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் திரையில் ஓடியபடியே காத்திருந்தது.

பாடம் எளிது. வருகிறவர் பெயரை வாங்கு, வணக்கம் சொல். அந்த வேலையைச் செய்யும் சின்னக் கட்டளைத் தொகுப்பு, ஒரு செயற்கூறு, எழுது. அவள் எழுதியதற்கு என் பெயரைக் கொடுத்தேன். யாருக்கு வணக்கம் வந்தது தெரியுமா? வணக்கம் முயல். அதன் கீழேதான் நான். கொடுத்தது என் பெயர். என் பெயர் மட்டும்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பக்கத்து இருக்கைத் தோழியும் சிரித்தாள். சிரித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பயிற்றுநர் குனிந்து பார்த்தார். “பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா. பிழை.” பெயர்களைச் சேர்க்கும் வெற்றுப் பட்டியலை அக்கா செயற்கூற்றின் தலைப்பு வரியிலேயே வைத்துவிட்டாள். அங்கே வைத்தால் அது ஒருமுறைதான் பிறக்கும். ஒவ்வொரு முறையும் புதிது என்று நாம் நம்புவோம். எல்லாம் அவள் அடித்துப் பார்த்த ‘முயல்’ கிடக்கும் பழையதிலேயே போய் விழும். திருத்தி மறுபடி ஓட்டினால் பழைய பெயர்கள் போய்விடும், அப்படியே ஒப்படை என்றார்.

வீட்டில் சொன்னேன். மறுநாள் அம்மா வந்தாள். பெயர் கேட்ட இடத்தில் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, ‘சாப்பிட்டியா’ என்று அடித்தாள்.

வணக்கம் முயல் என்றது திரை. பிறகு எனக்கு. பிறகு, வணக்கம் சாப்பிட்டியா.

அதன்பின் தினமும் வந்தாள். குளிருதா. வலிக்குதா. தனியாவா இருக்க. உள்ளே போனது எதுவும் பட்டியலை விட்டுப் போகவில்லை. வீட்டில் அப்பா எது கேட்டாலும் அம்மா கடிகாரத்தையே பார்த்தாள். நான் கேட்டாலும் அப்படித்தான். திருத்தப் போகிறேன் என்றேன்.

“பிழையாவே இருந்துட்டுப் போகட்டும். பதில் சொல்லலன்னாலும் கேட்டு வச்சுக்கறாடி” என்றாள் அம்மா.

நேற்று அம்மா தன் பெயரையே அடித்தாள். கடைசி வரியில் அது வந்து நின்றது. விரலால் அதைத் தொட்டாள். “நானும் உள்ள போயிட்டேன்” என்றாள். சிரித்தாள்.

அவையோரே, அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். மறக்காததெல்லாம் அன்பா? சேர்த்து வைப்பதெல்லாம் நினைவா? அந்தப் பட்டியலுக்கு அக்காவின் சிரிப்பு தெரியாது. சினம் தெரியாது. சீப்பை ஒளித்துவைத்து என்னை அழவைத்தது தெரியாது. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும், அம்மா. கேட்பதை என்னிடம் கேள். பதில் சொல்ல நான் இருக்கிறேன். இன்னும் இருக்கிறேன்.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. எழுந்து வீடு திரும்பும் எல்லோருக்கும் என் வணக்கம்.

பேசியவள் மேடையை விட்டு இறங்கினாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கணினி அறைக்கு அழைத்துப் போனாள். வெற்றுப் பட்டியலைச் செயற்கூற்றுக்குள் மாற்றி எழுதி, மறுபடி ஓட்டினாள்.