‘உப்பளம்’, பத்தொன்பதாவது நிமிடம்

உங்கள் ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேல் அப்படி வெறுமனே வைக்காதீர்கள், அதிகாரி. நீங்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தால் பதிவில் இடி விழுந்ததுபோல் கேட்கும். அடியில் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து வையுங்கள். ஆம், அப்படித்தான். இனி நான் சொல்வது தெளிவாகப் பதியும்.

என் பெயர் லைல் கார்மடி. வயது ஐம்பத்தாறு. சிரக்யூஸில் காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்திக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மிச்சப் பொழுதில் ஸ்லோ ஃபெரி இசைக்குழுவின் கச்சேரிகளைப் பதிவு செய்கிறேன். சிரக்யூஸில் நடந்தது முந்நூற்றுப் பதினெட்டாவது. திருட்டுத்தனமாக அல்ல. அந்தக் குழுவே எங்களுக்கு அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. ஒலியைக் கலந்து சரிசெய்கிற மேஜைக்குப் பின்னால் இரண்டு வரிசை. ஆளுக்கொரு உயரமான கம்பு, அதன் உச்சியில் இரண்டு மைக். எங்களை டேப்பர்கள் என்பார்கள். டேப் ஒழிந்து இருபது வருடமாகியும் பெயர் ஒழியவில்லை.

நீங்கள் அந்தக் குழுவைக் கேட்டதில்லை என்றீர்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை, கேட்டவர்களில் பெரும்பாலோரும் கேட்டதில்லை. ஒரு பாட்டை நாலு நிமிடம் பாடுவார்கள்; பிறகு அதை அவிழ்த்துவிட்டு அரை மணி நேரம் போகிற போக்கில் வாசிப்பார்கள். ஒரு நாள் வாசித்தது மறுநாள் வராது. அதனால்தான் பதிவு முக்கியமாகிறது. நாங்கள் பிடித்தால் உண்டு, விட்டால் போனது போனதுதான்.

பன்னிரண்டாயிரம் பேர் வருகிறார்கள். எதற்கு வருகிறார்கள் என்று நானும் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். மதியத்திலிருந்தே வாகன நிறுத்தத்தில் சந்தை நடக்கும். சாயம் பூசிய சட்டை, சுட்ட சீஸ் ரொட்டி, டிக்கெட் இல்லாமல் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு தானம் கேட்கிற கூட்டம். உள்ளே வந்ததும் பேச ஆரம்பிப்பார்கள். கித்தார் மேலே ஏறும்போது கத்துவார்கள். கீழே இறங்கி, கேட்க வேண்டிய இடம் வரும்போது, பியர் வாங்கப் போவார்கள். வீட்டுக்குப் போய் ரசிகர்களின் தளத்தில் விமர்சனம் எழுதுவார்கள். எனக்கு மனப்பாடமாக வரும்: “என்னத்தச் சொல்ல, நேர்ல இருந்திருக்கணும்.” நேரில் இருந்தவன் கழிப்பறை வரிசையில் இருந்தான். “மூணாவது பாட்டுல அழுதுட்டேன்பா.” அவன் எல்லா ஊரிலும் மூன்றாவது பாட்டில்தான் அழுவான். “பார்க்கிங் மோசம், ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.” கித்தார்காரரா வண்டியை நிறுத்தினார்?

இவர்களுக்காகத்தான் நான் பதிவு செய்தேனா என்று கேட்காதீர்கள். இவர்களுக்கு எதிராகப் பதிவு செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வெண்டல் ப்ரூயிட்டுக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது அதுதானே.

வெண்டல் இருபத்திரண்டு வருடமாக என் கூட்டாளி. பள்ளிப் பேருந்து ஓட்டினான். நான் மைக், அவன் கம்பு. நான் ஒலி அளவு பார்ப்பேன், அவன் மைக் கம்பி சுற்றுவான். வாலிபத்தில் ஏதோ ஒரு குழுவில் டிரம் வாசித்தவன், தாளம் அவனுக்கு எலும்பில் இருந்தது. தூங்கும்போதுகூட அவன் விரல் சரியான இடத்தில்தான் தட்டும். நல்லவன். ஆஸ்துமா உண்டு. எப்போதும் ஒரு பம்ப் வைத்திருப்பான், நீல நிறம், மூச்சு முட்டினால் வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினால் சரியாகிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் மெய்ன் மாநிலத்தில் ஒரு கச்சேரி. ‘உப்பளம்’ என்ற பாட்டை ஆறு வருடம் கழித்து எடுத்தார்கள். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் ஒவ்வொன்றாக அடங்கி, கித்தார் ஒன்று மட்டும், அதுவும் நரம்பில் நகம் படுகிற அளவுக்குத்தான், மிஞ்சி நின்றது. அந்த இடத்தில் வெண்டல் இருமினான். ஒருமுறை அல்ல, ஏழு முறை. என் மைக்குக்கு நேர் கீழே.

தளத்தில் அந்தப் பதிவுக்கு ‘இருமல் டேப்’ என்று பெயர் வைத்தார்கள். யாரோ அந்த ஏழு இருமலை மட்டும் வெட்டியெடுத்துப் பாட்டாகவே ஒட்டிப் போட்டான். அடுத்த ஊரில் சந்தையில் நடந்து போகிறேன், ரொட்டி சுடுகிறவன் என்னைப் பார்த்து லொக்கு லொக்கென்று இருமிக் காட்டுகிறான். “வாங்க கார்மடி, சிரப் ஏதும் வேணுமா?” என்கிறான். வெண்டலும் அவனோடு சேர்ந்து சிரித்தான். “விடுடா லைல், நம்மளையும் நாலு பேருக்குத் தெரியுதுல்ல” என்றான்.

எனக்குக் கோபம் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன். விளக்கு அணைவதற்கு முன், கலகலக்கிற சாமான் எதுவும் எங்கள் உடம்பில் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, தொலைபேசி எல்லாம் என் பஞ்சுப் பைக்குள் போக வேண்டும். மற்ற டேப்பர்களும் பார்த்துவிட்டு அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். வெண்டலின் பம்பும் கலகலக்கும். உள்ளே ஒரு சிறிய உலோகக் குப்பி ஆடும்.

சிரக்யூஸில் அன்று மேடைப் புகை அதிகம், ரசிகர்கள் விட்ட புகை அதைவிட அதிகம். வெண்டல் சாவியைக் கொடுத்தான், சில்லறையைக் கொடுத்தான், பம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டான்.

“இன்னைக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா. இது எங்கிட்டயே இருக்கட்டும்.”

“கலகலங்கும், வெண்டல்.”

“கையில இறுக்கிப் பிடிச்சுக்கறேன்.”

“மெய்ன்லயும் இதையேதான் சொன்ன.”

அவன் மெய்னில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மெய்ன் என்ற சொல்லுக்கு அவன் எப்போதும் தலை குனிந்துவிடுவான். “சரி சரி, வச்சுக்க. ஆனா நான் கை நீட்டினா உடனே எடுத்துக் குடுத்துடணும், ஆமா” என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். நான் பையை மூடினேன். அது ஒட்டுப்பட்டை வைத்த பை. திறந்தால் துணி கிழிகிற சத்தம் வரும், இருபதடி தூரத்துக்குக் கேட்கும்.

இரண்டாம் பகுதியில் ‘உப்பளம்’ எடுத்தார்கள். மெய்னுக்குப் பிறகு முதல் முறை. முப்பத்தொரு நிமிடம் வாசித்தார்கள். பதினான்காவது நிமிடத்தில் வாத்தியங்கள் அடங்க ஆரம்பித்தன. அதற்கு முந்தைய முந்நூற்றுப் பதினேழு கச்சேரியிலும் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன்: பன்னிரண்டாயிரம் பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். என்ன அதிசயமோ, அன்று ஒருவன்கூட பியருக்குப் போகவில்லை.

பதினாறாவது நிமிடத்தில் வெண்டல் கை நீட்டினான்.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அவன் தோள் இரண்டும் காது வரை ஏறி ஏறி இறங்கின. பையைக் காட்டினான். நான் ஒரு விரலைத் தூக்கினேன். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். இந்த இடம் எவ்வளவு நேரம் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நிமிடத்தில் டிரம் உள்ளே வந்துவிடும், சத்தம் கூடிவிடும், திறந்து கொடுத்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். எந்தக் குழுவும் அப்படி ஓர் இடத்தை அவ்வளவு நீட்டியதில்லை. அவர்கள் நீட்டினார்கள்.

அவன் குனிந்து பையை இழுத்தான். நான் அதன்மேல் காலை வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன், பூட்ஸ் சத்தம் வராமல்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். எழுந்து போகப் பார்த்தான், திரும்ப இருக்கையிலேயே விழுந்தான். கத்தவில்லை. நீங்கள் கத்த மூச்சு இருந்திருக்காது என்பீர்கள். இருபத்திரண்டு வருடம் அவனோடு இருந்தவன் நான். அவன் டேப்பர். மைக் திறந்திருக்கும்போது டேப்பர் கத்த மாட்டான். அதை அவன் எனக்குச் செய்த மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினேழாவது நிமிடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தான். முன் இருக்கையின் முதுகில், இரண்டு விரலால். யாராவது திரும்பிப் பார்க்கட்டும் என்று தட்டியிருக்கலாம். ஆனால் தாளத்தில் தட்டினான், அதிகாரி. கித்தார் விடுகிற இடைவெளியில், ஒன்றுவிட்டு ஒன்று, மணியாக விழுந்தது. பின் வரிசையில் ஒரு பெண், ஊதா நிறத் தொப்பி, என் தோளைத் தொட்டு அவனைச் சுட்டிக்காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். நான் உதட்டில் விரலை வைத்து, மேலே மைக்கைக் காட்டினேன். எங்கள் பகுதியில் உட்காருகிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்து உட்கார்ந்துவிட்டாள். அரங்கக் காவலர் ஒருவர் டார்ச் அடித்தார். அவருக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். அவரும் போய்விட்டார்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் டிரம் வந்தது, கூட்டம் கத்தியது. உடனே பையைத் திறந்தேன். ஒரு நொடி தாமதிக்கவில்லை. பம்பை எடுத்து அவன் கையில் வைத்தேன். கை மூடவில்லை.

மருத்துவ உதவியாளர்கள் வந்து அவனைத் தூக்கிப் போனார்கள். கூடவே போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். இன்னும் கடைசிப் பாட்டு இருந்தது. முடிந்த பிறகு மைக்கைத் துடைத்து, கம்பை மடக்கி, கம்பியைச் சுற்றினேன். கம்பி சுற்றுவது அவன் வேலை, அதனால் நேரமாகிவிட்டது. மருத்துவமனைக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பதிவைத் தளத்தில் ஏற்றினேன். ‘வெண்டல் ப்ரூயிட் நினைவாக’ என்று போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்கள் வந்தன. படித்தீர்களா? படித்துப் பாருங்கள், இந்த ஜனத்தைப் பற்றி நான் சொன்னது புரியும். “பதினேழாவது நிமிஷத்துல டிரம்மர் மரக்கட்டையில லேசாத் தட்டுறாரு பாருங்க, மேதைன்னா மேதை!” “அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது.” டிரம்மர் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பல்கலைக்கழகக்காரர் அந்தத் தட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அந்தத் தாளத்தின் மூலத்தைத் தேடி, எழுத்திலேயே ஆப்பிரிக்கா வரை போய்விட்டு வந்திருக்கிறார். ஊதாத் தொப்பிக்காரியும் எழுதியிருந்தாள்: “டேப்பர்ஸ் பக்கத்துல ஒரு பெரியவர், பாட்டுல அப்படியே கரைஞ்சு, தலை தொங்கி, ஒரேயடியா வேற உலகத்துக்குப் போயிட்டாரு. இந்தக் குழு மனுஷங்கள என்ன பண்ணிடுது பாருங்க! அஞ்சு நட்சத்திரம்.”

இவர்கள்தான் ரசிகர்கள். ஒரு மனிதன் சாவதைக் காதால் கேட்டு, திரும்ப வைத்துக் கேட்டு, நட்சத்திரம் போடுகிறார்கள். ஒருவனுக்காவது சந்தேகம் வந்ததா? என்னை இங்கே உட்கார வைத்து விசாரிக்கிறீர்கள். அவர்களை யார் விசாரிப்பது?

ஒருவனைத் தவிர. டொலிடோவில் ஒரு கணக்கு வாத்தியார், ஆர்லோ ஃபென்விக். அன்று அரங்குக்கே வராதவன். வரிசையின் மறுகோடியில் இருந்த வேறொரு டேப்பரின், தட்டு விழாத பதிவையும் என்னுடையதையும் அருகருகே வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். “கார்மடி டேப்ல பத்தொன்பதாவது நிமிஷம் நாப்பதாவது விநாடிகிட்ட நாலு விநாடி காணோம். ஏன்?” என்று ஒரே வரி எழுதினான். அதை யாரும் சட்டை செய்யவில்லை, ஒருவன் “வேற வேலை இல்லையா வாத்தியாரே?” என்று கேட்டான். நீங்கள் சட்டை செய்தீர்கள். எனக்கு உங்கள்மேல் வருத்தமில்லை. முப்பது வருடத்தில் கேட்கத் தெரிந்த ஒருவனாவது கிடைத்தானே என்று அன்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த நாலு விநாடியில் என்ன இருந்தது என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன், பதியட்டும்.

மூன்று தட்டு. அவை என்ன என்று எனக்கு அப்போதே தெரியும், அரங்கிலேயே தெரியும். அதற்குப் பிறகு தட்டு இல்லை. அதற்குப் பிறகும் ஐந்து நிமிடத்துக்குமேல் என் கால் பைமேல்தான் இருந்தது. குற்றம் என்றால் அதுதான் குற்றம், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெட்டியதற்குக் காரணம் நீங்கள் நினைப்பதல்ல. சாட்சியத்தை மறைக்க நினைத்தவன் எல்லாத் தட்டையும் அல்லவா வெட்டியிருப்பான்? மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, உலகமே கேட்டுப் பாராட்டுகிறது.

அந்தக் கடைசி மூன்றும் தாளம் தப்பிவிட்டன, அதிகாரி. முதலாவது கொஞ்சம் முந்தி, மற்ற இரண்டும் ரொம்பப் பிந்தி. வெண்டல் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தாளம் தப்பியவன் அல்ல. இன்னொரு தடவை சந்தையில் நின்று அவனைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதை நான் விரும்பவில்லை. நண்பன் என்று இருந்தால் அந்த அளவுக்காவது செய்ய வேண்டாமா?