வரலாம், வரலாம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. ஆடுகிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அண்ணனுடைய லாரியும் அப்படித்தான் ஆடியது. கல்குவாரிக்குப் போகும் பாதை முழுக்கக் குழி. கல் ஏற்றி வரும்போது பரவாயில்லை. காலியாகப் போகும்போது பின்பக்கம் எகிறி எகிறி விழும். அண்ணனுக்கு இடுப்பே போய்விட்டது. வீட்டுப் பட்டறையில் பட்டை கட்டுவது நான்தான். அச்சுக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள்தான் குலுக்கலை வாங்கிக்கொள்கிறவை.

"பட்டை கட்டுறதுன்னா சடை பின்னுறதுன்னு நெனச்சியா?" என்பான் அண்ணன், மற்ற டிரைவர்கள் காதில் விழும்படி. "என் தங்கச்சி கட்டின வண்டிப்பா. ஏறினா பல்லைக் கையில பிடிச்சுக்கணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "அவ கட்டினா நல்லாத்தாண்டா இருக்கும்" என்பார். அப்பாவுக்கு நான் செய்கிற எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உப்பில்லாத சாப்பாடும் நன்றாக இருக்கும். அப்படிப்பட்டவருடைய பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை, சார்.

தடித்த பட்டைகளைக் கழற்றினேன். மெல்லியதாக, நீளமாக, நிறைய அடுக்கினேன். கனத்தவற்றை, சுமை ஏறி அமுங்கினால் மட்டும் வேலை செய்கிற மாதிரி மேலே தனியாக வைத்தேன். முனைகளில் ரப்பர் கொடுத்தேன். பிறகு பட்டறை வாசலில் எதையாவது போட்டு, அதன் மேல் லாரியைப் பின்னால் ஏற்றும்படி அண்ணனிடம் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். "இது செங்கல். இது கட்டை." தப்பவே மாட்டான். நான் மறுபடியும் கழற்றுவேன்.

ஒரு நாள் செங்கல் நொறுங்கியது, அவனுக்குத் தெரியவில்லை. இறங்கி வந்து பார்த்தான்.

"செங்கல் கெடக்குது கழுதை. உசிருள்ளது எது சக்கரத்துல பட்டாலும் எனக்கு இங்க தெரியும்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினான். "பூனைக்குட்டின்னாலும் தெரியும். அதுக்கெல்லாம் உன் பட்டை பத்தாது, போ."

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வேலை இன்னும் முடியவில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் கரண்ட் போய்விட்டது. அப்பா சாப்பிட்டுவிட்டு லாரியின் பின் நிழலில், சாக்கின் மேல் படுத்திருந்தார். சம்மட்டி அடித்து அடித்தே காது மந்தமானவர். படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டார். அண்ணன் முன்பக்கமாகவே வந்து ஏறினான். "பின்னாடி பாத்துக்க" என்றான். லாரி பின்னால் வரும்போது அங்கே நிற்கிறவர்தான் டிரைவருக்குக் கண்.

பார்த்தேன். சாக்கின் ஓரம், அப்பாவின் நரைத்த தலை, சக்கரம். இடையே ஒரு முழம் இருக்கும்.

"வரலாம்" என்றேன். "வரலாம், வரலாம்."

ஏன் கத்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கத்தியிருந்தால் அண்ணன் பிரேக்கை மிதித்திருப்பான். பட்டையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

சாக்கை அங்கே விரித்தது யார் என்றும் கேட்டீர்கள். நான்தான். உள்ளே புழுக்கமாக இருக்கிறது, இங்கே நிழல் இருக்கிறது, படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நிழல் இருந்தது உண்மைதான்.

வண்டி ஏறி இறங்கியது. பட்டைகள் மெதுவாக அமுங்கி நிமிர்ந்தன, ஒரு கிறீச்சுகூட இல்லை. அப்பாவும் சத்தம் போடவில்லை. அவர் எப்போதுமே எனக்கு ஒத்தாசையாக இருப்பவர்.

அண்ணன் இறங்கி வந்தான். இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் அவன் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"மெத்தைடி. சத்தியமா மெத்தை. கீழ தரை இருக்குதா இல்லையான்னே தெரியல. இன்னைக்கே எல்லாப் பயலுகிட்டயும் சொல்றேன் பாரு, என் தங்கச்சி கைவேலை யாருக்கும் வராதுன்னு."

இன்னும் நிறையப் பேசினான், சார். அவன் பேசி முடிக்கும்வரை, பின்பக்கம் தெரியாதபடி அவனுக்கு எதிரிலேயே நின்றுகொண்டேன். அப்பா கேட்டிருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.