பவுனு எட்மன்டன விட்டு நகரல

— இன்னுமா அந்த எட்மன்டன் ஆளு வீட்லயே இருக்குது உன் பவுனு பொம்மை? ஒரு வீட்டுக்கு ஒரு வாரம்னுதானே பேச்சு, அமிர்தா?

— பனி ஜாஸ்தியாம், ஜஹீதா. பார்சல் அனுப்ப முடியலியாம்.

— போன தடவ கேட்டப்ப அவருக்கு சளின்ன. அதுக்கு முந்தி பேத்திக்கு பரீட்சைன்ன. இப்ப பனி. அரே, கனடால பனி இன்னா புதுசாவா பேயுது?

— சும்மாரு. சாப்புடு மொதல்ல. பெல் அடிச்சா சூப்பர்வைசர் வந்து தலைமேல நிப்பாரு.

— வாய் ஒரு பக்கம் சாப்புடும், ஒரு பக்கம் பேசும். நான் கேக்கறது நியாயமா இல்லியா சொல்லு. உன் தங்கச்சி பொண்ணு மேகலா இன்னா சொல்லி அந்த பொம்மைய உன்கிட்ட வாங்கினு போச்சு? அங்க இருக்கற நம்ம புள்ளைங்களுக்கு தமிழ் வாயில வரல, பொம்மை ஊடு ஊடா விருந்தாளியா போவும், புள்ளைங்க அதப் பத்தி தமிழ்ல பேசி பொம்மையோட அம்மாவுக்கு வாய்ஸ் போடணும். அம்மான்னா நீ. இதானே?

— இதான்.

— டொரண்டோல அந்த ரெட்டைப் பசங்க ஒழுங்கா போட்டாங்க. 'பவுனு தோசை சாப்ட்டான்'னு.

— சாப்ட்டான் இல்ல கண்ணு, சாப்ட்டாள்னு நான் திருத்தி அனுப்பினேன். மறுநாளே வந்துது, 'பவுனு தோசை சாப்ட்டாள், அவளுக்கு புடிக்கல'ன்னு.

— வின்னிபெக்ல ஆட்டுத்தோல் செருப்போட பனியில நிக்குதேன்னு பாவம் பாத்து கம்பளி சாக்ஸு பின்னி போட்டாங்க. கால்கரில மலைமேல சறுக்கு வெளாட கூட்டினு போனாங்க. கசம், சத்தியமா சொல்றேன் அமிர்தா, நான் பொறந்ததுலேருந்து ஏலகிரிய தாண்டல. நம்ம ஷூ கம்பெனி லைனிங் துணி மிச்சத்துல பொறந்தது கனடா பூரா சுத்துது.

— பொறாமை புடிச்சவளே.

— இருக்கட்டும். எல்லா ஊட்லயும் புள்ளைங்கதான் பேசிச்சு. எட்மன்டன்ல மட்டும் எதுக்கு தாத்தா பேசறாரு?

— பேத்திக்கு கூச்சம். அவரு சொல்லிக் குடுக்கறாரு.

— நேத்து கம்பெனி பஸ்ஸுல அவரோட பழைய வாய்ஸ் ஒண்ணு எனக்கு கேக்க விட்டியே, அதுல பேத்தி மூச்சு விடற சத்தம்கூட இல்ல. 'வணக்கங்க, ஆரோக்கியசாமி பேசறேன். இன்னிக்கு பவுனு என்கூட ஸ்கூல் பஸ் ஓட்ட வந்தா.' அதோட விட்டாரா? சொந்த ஊரு ஜோலார்பேட்டையாம், அப்பா ரயில்வேயாம், சம்சாரம் தவறி ரொம்ப நாளாச்சாம். கடைசியா, 'நீங்க சாப்ட்டீங்களா?' பொம்மை சாப்ட்டுதான்னு நீ கேக்கணும். நீ சாப்ட்டியான்னு அவரு எதுக்கு கேக்கறாரு?

— மரியாதைக்கு கேக்கறாரு.

— நானும் மரியாதைக்குத்தான் கேக்கறேன். நீ இன்னா பதில் போட்ட?

— சாப்ட்டேன்னு.

— அப்பறம்?

— இன்னா கொழம்புன்னு கேட்டாரு. காராமணின்னு சொன்னேன்.

— யா அல்லா. எங்க ஊட்டுக்காரரு இத்தினி வருஷத்துல ஒருநாள்கூட என்ன கேட்டதில்ல.

— ஹபீப் பாய் எதுக்கு கேக்கணும்? அவரு தட்டுலேருந்துதானே பாதி நீ எடுத்து சாப்புடற.

— பேச்ச மாத்தாத. உன் மூஞ்சி செவந்துடிச்சி, நான் பாத்துட்டேன்.

— ஜஹீதா, கொஞ்சம் கிண்டல ஓரமா வெச்சிட்டு கேளு. எங்க ஊட்டுக்காரரு செத்தப்ப என் புள்ள டேனியல் ஆறாவது படிச்சிக்கினு இருந்தான். அதுக்கப்பறம் இன்னா கொழம்புன்னு என்ன யாரும் கேட்டதில்ல. டேனியல் போன் பண்ணுவான், 'சாப்ட்டியாம்மா'ம்பான். சாப்ட்டேன்னா வெச்சிடுவான். இப்ப எட்மன்டன்லேருந்து போன் அடிச்சா பாத்ரூம்ல போயி நின்னு கேக்கறேன். இந்த வயசுல எனக்கே அசிங்கமா இருக்குது.

— யார் வீட்லயாவது திருடினியா, அசிங்கப்படறதுக்கு?

— கோயில்ல செபமாலை சொல்ற பொம்பளைங்க வாய் சும்மா இருக்குமா?

— டைஃபாய்டு வந்து நீ படுத்தப்ப அவங்களா கஞ்சி வெச்சாங்க? நான் வெச்சேன். அப்ப பேசற உரிமை எனக்குத்தான். நான் ஒண்ணும் தப்பா பேசல. டேனியலுக்கு தெரியுமா?

— அவனுக்கு வேலை ஜாஸ்தி. ஊறுகா வேணுமா?

— ஊறுகாயும் குடு, போனையும் குடு. பவுனு படம் பாக்கறேன். இது பஸ்ஸு... இது அவரு வீட்டு கிச்சன்... இரு, மேகலா குரூப்புல வேற படம் வந்துக்குது. வான்கூவராம். ஒரு சின்னப் பொண்ணு பவுன மடில வெச்சிக்கினுக்குது.

— குடுடீ போன.

— இரு இரு. இது போன மாசமே வந்த படம். இன்னும் எட்மன்டன்லயே பஸ்ஸுல சுத்தற பவுனு, போன மாசம் எப்படி வான்கூவருக்கு போச்சு?

— அவரு எப்பவோ அனுப்பிட்டாரு. வரிசைல புள்ளைங்க காத்துக்கினு இருக்குதுங்களே.

— அப்ப பஸ்ஸுல உக்காந்திருக்கறது யாரு?

— அது அவரு தைச்சது.

— பஸ் ஓட்டறவரா?

— பேத்தியோட பழைய ஸ்வெட்டர வெட்டி தைச்சிருக்காரு. நல்லா பாரு. கழுத்தே நிக்கல. ஒரு கண்ணு நெத்திமேல ஏறிப் போயிருக்குது.

— எதுக்கு இந்த பேஜாரு?

— பவுனு போயிட்டா என்கிட்ட பேசறதுக்கு ஒரு சாக்கு இல்லாம போயிடுமேன்னு.

— உனக்கு எப்ப தெரியும்?

— மொத படம் வந்தப்பவே. என் கையால தைச்ச பொம்மை எனக்கு தெரியாதா? அவரே சொல்லட்டும்னு விட்டுட்டேன். போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வர்றப்ப போன் பண்ணி ஒத்துக்கினாரு. 'பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னாரு.

— அடிப்பாவி. இவ்ளோ நேரம் பனி, பார்சல்னு என்ன சுத்த விட்டியே. நீ இன்னா சொன்ன அவர்கிட்ட?

— தையல் சரியில்லன்னு சொன்னேன். முழுசா பிரிச்சித்தான் தைக்கணும்னு.

— ஒரு மனுஷன் உனக்காக ஊசி எடுத்து வெரல குத்திக்கினுக்கிறாரு, அவர்கிட்ட போயி தையல்ல கொற சொன்னியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா, தோஸ்த்?

— பெல் அடிக்குது, எழுந்திரு.

— அடிக்கட்டும். கோவிச்சிக்கினாரா?

— இல்ல. ஜஹீதா, ரம்ஜானுக்கு எடுத்தியே அந்த பச்சைப் பொடவ, சனிக்கிழமை ஒருநாள் எனக்கு கட்டக் குடுக்கறியா?

— சனிக்கிழமை இன்னா விசேஷம்?

— டேனியல் ஏர்போர்ட் போறான். எட்மன்டன்லேருந்து வர்றவர நேரா நம்ம ஊட்டுக்கு கூட்டினு வர்றேன்னு அவனாதான் சொன்னான்.