கை லோக்மான்

இல்ல தங்கச்சி, நீ தப்பாப் புரிஞ்சிக்கிட்ட. எனக்கு அவன் மேல ஒரு வன்மமும் கெடையாது. மூணு நாளா இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல வந்து ஒக்காந்துட்டு உள்ள போகாமலே திரும்பிப் போறானே, இவன் யாருடான்னு பாத்துக்கிட்டே இருந்திருக்க. பாக்கத்தான் செய்வ. ஆமா, நான்தான் லோக்மான். உன் வீட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டில்ல கெடக்கானே எக்லாஸ், அவன் கேட்டுக்கிட்டே இருக்கற லோக்மான் நான்தான்.

அப்படியா? தூக்கத்துலயும் கேக்கறானா? ம்.

ஒக்காரும்மா. அந்த வாச்மேன் மூணு மணி ஆகாம கதவத் தொறக்க மாட்டான். அவன் கடியாரம் வேற பத்து நிமிஷம் பின்னால ஓடும். தூக்குச் சட்டிய கீழ வையி. என்ன, தேளி மீன் ஆணமா? நல்லது, ரத்தம் ஊறும்.

உனக்கு எங்களத் தெரியாது. நீ அப்ப கைக்கொழந்தையா இருந்திருப்ப. உன் வாப்பா இருக்காரா? அவர்கிட்டக் கேளு. மஞ்சச் சட்டையா பச்சச் சட்டையான்னு கேளு. ரெண்டு ஃபுட்பால் கிளப்பு, அப்ப டாக்காவுல இருந்தது அந்த ரெண்டே ஜாதிதான். மாடிக்கு மாடி கொடி கட்டுவாங்க. மாமனார் பச்ச, மருமகன் மஞ்சன்னா அந்த வீட்ல ஃபைனல் அன்னிக்கு அடுப்பு எரியாது. நாங்க மஞ்ச. நான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால நடுவுல நின்னு தடுக்கறவன், எனக்கு எடது பக்கம் எக்லாஸ். எங்க ரெண்டு பேரத் தாண்டி ஒரு ஈ போகாதும்பாங்க. ஈ போச்சு, நெறையவே போச்சு. பேரு அப்படி.

வார்டு பூரா சொல்லிட்டானா? அந்தக் கையில பட்ட பந்து கதையா? நர்சம்மாவுக்குமா? அட அல்லா, இவனுக்கு எப்பவுமே வாய் நிக்காது. பேச வேண்டிய அன்னிக்கு மட்டும் நல்லா நின்னுச்சு.

ஆமா, உண்மைதான். எம்பத்தெட்டு ஃபைனல். முடிய ஆறு நிமிஷம் இருக்கு, ரெண்டு பக்கமும் கோல் இல்ல. பச்சைக்கு ஒரு கார்னர். நானும் அவனும் ஒண்ணா எகுர்றோம். பந்து அவன் கையில பட்டுச்சு. பட்டதென்ன, தட்டியே விட்டான். ரெஃப்ரி நின்ன எடத்துலேர்ந்து என் முதுகுதான் தெரிஞ்சிருக்கு. வந்தான், என் மூஞ்சிக்கு நேரா சிவப்புக் கார்ட நீட்டினான். பெனால்டி. கோல். முடிஞ்சுது.

எக்லாஸ் என்ன செஞ்சான்னா கேக்கற? தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

ஸ்டேடியம் கேட்டுக்கு வெளிய செங்கல் வந்துச்சு. இங்க பாரு, தாடைக்கு அடியில, தாடிக்குள்ள இருக்கு, ஏழு தையல். வேற யாரும் அடிக்கல தங்கச்சி, நம்ம மஞ்சக் கொடிப் பயலுகதான். ரிக்‌ஷாக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான். ரத்தம் சொட்டச் சொட்ட நடந்தே போறேன், வீட்டு வாசல்ல என் பொண்டாட்டி, அவ என்ன கேட்டா தெரியுமா? தலைய வச்சு முட்ட வேண்டியதுக்கு எவனாச்சும் கையக் குடுப்பானான்னு கேட்டா. அவளுக்கும் நான் சொல்லல. அன்னிலேர்ந்து எனக்குப் பேரே கை லோக்மான். என் மகள் கல்யாணப் பத்திரிகையப் பாத்துட்டு சம்பந்தி வீட்ல ஒருத்தர், எந்த லோக்மான், கை லோக்மானான்னு கேட்டாராம்.

அடுத்த வருஷம் கிளப்புல என்னக் கூப்பிடல. அப்புறம் கிராமத்துப் போட்டிங்கதான். பொய்ப் பேரு குடுத்து ஆடறது, வாடகைக் காலுன்னு வச்சுக்கயேன். ஜமால்பூர்ல ஒருக்கா ஜெயிச்சதுக்கு ஒரு கெடா குடுத்தானுங்க. ரயிலு முழுக்க என் மடிமேல தலைய வச்சுக்கிட்டு வந்துச்சு. முட்டி போனப்புறம் ஸ்டேடியம் கேலரிக்கு அடியில இருக்கற கடைகள்ல ஒண்ணுல ஃபேன் விக்கற வேலை. இருபத்தோரு வருஷம் தங்கச்சி. மேல நான் ஆடின கிரவுண்டு, கீழ நான் ஃபேனு ரெக்கையச் சுத்திக் காமிக்கறேன். வர்ற கிராக்கி விலை கேட்டுட்டு, விலையிலயும் கையக் கொஞ்சம் எறக்குங்க லோக்மான் பாய்னு சிரிப்பான். நானும் சிரிப்பேன். சிரிச்சாத்தான் வாங்குவான்.

கோவம் இல்லாம எப்படி இருக்கும்னு கேக்கற. இருந்துச்சு. ஒரு வாரம் இருந்துச்சு. எட்டாவது நாள் எக்லாஸ் ஒரு கூடை லிச்சிப் பழம் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தான். ரெண்டு பேரும் ஒக்காந்து பழத்த உரிச்சு உரிச்சுத் தின்னோம். அதோட போச்சு.

சரி, நீ கேக்கறதும் நியாயந்தான். அந்தக் கை என் கை இல்லைன்னு நான் ஏன் வாயத் தொறக்கலன்னு கேக்கற. ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எக்லாசும் நேத்து நர்சம்மாகிட்ட இதத்தான் சொல்லி அழுதானா? லோக்மான் எனக்காகத் தாங்கிக்கிட்டான், அவன் ஒரு மகான்னா சொன்னான்?

யா அல்லா. கொஞ்சம் தண்ணி இருந்தா குடும்மா.

அது எம்பத்தாறுல ஆரம்பிச்சது. அப்பல்லாம் கிளப்பு மாத்தற சீசன்னு ஒண்ணு வரும். பதினஞ்சு நாள். அதுக்குள்ள எந்த ஆட்டக்காரன் எந்தக் கிளப்புன்னு கையெழுத்துப் போட்டாகணும். அதுவரைக்கும் இவன் ஆள அவன் தூக்குவான், அவன் ஆள இவன் தூக்குவான். பொண்ணக் கடத்தற மாதிரி ஆட்டக்காரனக் கடத்துவானுங்க. அதனால நல்ல ஆளுங்கள முன்கூட்டியே ஒளிச்சு வச்சிருவாங்க. எங்க ரெண்டு பேரையும் நாராயண்கஞ்ச்ல ஒரு சணல் கெடங்குக்கு மேல இருந்த ரூம்ல வச்சாங்க. சன்னல் தொறக்கக் கூடாது. வேளைக்கு வேளை பிரியாணி, இலிஷ் மீனு. கேரம் போர்டு ஒண்ணு. சணல் தூசியில தும்மித் தும்மி கேரம் ஆடினோம். கீழ தெருவுல பச்சைக்காரனுங்க மோட்டார் சைக்கிள்ல சுத்திக்கிட்டே இருந்தானுங்க.

ஜெயிலுதான், ஆனா மாப்பிள்ளைக்குப் போட்ட ஜெயிலு. அவனுக்கு. எனக்கில்ல. அதையும் சொல்லிடறேன். ரெண்டு கிளப்பும் தேடினது எக்லாச. எனக்கு அப்பவே முப்பது தாண்டிப் போச்சு, முட்டியில தண்ணி கோத்துக்கும். லோக்மான் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு அவன் ஒத்தக் கால்ல நின்னான். அதனாலதான் எனக்கும் பிரியாணி.

அங்க இருக்கும்போதுதான் அவன் உம்மாவுக்கு சொகமில்லாமப் போச்சு. அவன் ஊரு நேத்ரகோனாவுலேர்ந்து கிளப்புக்குத் தந்தி வந்துச்சு. உம்மாவுக்கு ரொம்ப முடியல, ஒடனே வான்னு. அவன் கைக்கு அது கெடைச்சது வியாழக்கெழம சாயங்காலம். கையெழுத்துக்குக் கடைசி நாளும் அதுதான். ரயிலுப் புடிச்சு ஓடினான். போய்ச் சேரும்போது அடக்கம் முடிஞ்சு கபர் மண்ணு ஈரமா இருந்துச்சாம். ரெண்டு நாளா அந்தம்மா கதவுப் பக்கமே பாத்துக்கிட்டு, எக்லாஸ் வந்துட்டானா, எக்லாஸ் வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சாம்.

ரெண்டு நாளாவான்னா? ஆமா, தந்தி செவ்வாக்கெழமையே வந்துருச்சு. அது அவனுக்கும் தெரியும். மேல தேதி போட்டிருக்குமே. கிளப்பு செகரட்டரி ஜோவார்தார் சாஹிப்தான் கையெழுத்தாகற வரைக்கும் அமுக்கி வச்சாருன்னு அவன் முடிவு பண்ணிட்டான். அதுக்கப்புறம் அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்த பேசல. எதுக்க வந்தா தெருவ மாத்திப்பான். போன ரமலானுக்கு முந்தி ஜோவார்தார் மவுத்தாயிட்டாரு. மகன் வந்து கையப் புடிச்சுக் கெஞ்சினான், எங்க வாப்பாவப் பொருந்திக்குங்க, மன்னிச்சிடுங்கன்னு. இவன் ஜனாஸா தொழுகைக்கே போகல. எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? உலகத்துல எல்லாரையும் மன்னிப்பேன், அந்தத் தந்திய வச்சிருந்தவன மட்டும் மன்னிக்க மாட்டேன்னான். நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். கண்ணாடி தம்ளரு. காலி ஆனப்புறமும் குடிச்சுக்கிட்டே இருந்தேன்.

இப்ப என்னடான்னா ஊரெல்லாம் ஆள் விட்டு ஒவ்வொருத்தரா வரச்சொல்லி, நான் தப்பு செஞ்சிருந்தா பொருந்திக்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கான். டாக்டரு ஒரு வாரம் தாங்காதுன்னு சொல்லிட்டாரு, அவனுக்கும் தெரியும். நான் உள்ள போனா என்ன ஆகும்? என் கையப் புடிச்சுக்குவான். மூக்குல கொழாயோட அழுவான். அந்தக் கை என் கைடா, பொருந்திக்கடாம்பான். நான் பொருந்திக்கிட்டேன்னு பெரிய மனுஷனாட்டம் சொல்லணும். எனக்கு அந்த வாய் இருக்கா?

தொழுகைக்கு நின்னாலும் மனசு நிக்கல தங்கச்சி. மனுஷனுக்குச் செஞ்சத மனுஷன்தான் பொருந்திக்கணும், அல்லா நடுவுல வரமாட்டான். அவன் போயிட்டா நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது? ஆனா மனசு சுத்தமாக் கெளம்பறவன நிறுத்தி, இந்தாடா இதையும் தூக்கிட்டுப் போன்னு குடுக்கறது நல்லாவா இருக்கு? மூணு நாளா இந்த பெஞ்சுல இதுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அவன்கிட்ட நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னா?

ஜோவார்தார் அமுக்கல தங்கச்சி. செவ்வாக்கெழம காலையிலயே மாடிப்படிகிட்டக் கொண்டுவந்து என் கையில குடுத்துட்டாரு. குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம் லோக்மான், அவன் ஸ்டேஷனுக்குப் போனா பச்சைக்காரன் அங்கயே மடக்கிருவான், அவன் போயிட்டா உன் முட்டிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் அதச் சட்டைப் பையில வச்சிக்கிட்டு மேல போய்க் கேரம் ஆடினேன். ரெண்டு நாள். ஜெயிச்சேன் வேற. வியாழக்கெழம அவன் கையெழுத்தும் ஆச்சு, என் கையெழுத்தும் ஆச்சு, மாலை போட்டு ஸ்வீட்டு ஊட்டி விட்டாங்க. அப்புறம்தான், ஜோவார்தார் இப்பதான்டா குடுத்தாருன்னு எடுத்து நீட்டினேன். ஃபைனல்ல சிவப்புக் கார்டு வந்தப்ப நான் வாயத் தொறக்காததுக்குக் காரணம் இதுதான். ஒரு பெனால்டியோட தீந்துரும்னு நெனச்சேன்.

மணி அடிச்சிட்டான் பாரு. அழாத தங்கச்சி, உன் வீட்டுக்காரர் பாத்தாப் பயந்துருவாரு. இத யாருகிட்டயும் சொன்னதில்ல. வாய்ல வருமா வராதான்னே தெரியல, அதான் மொதல்ல உங்கிட்ட சொல்லிப் பாத்தேன்.

வருது. சாத்தி வச்சிருக்கற என் ஊணுகம்ப எடும்மா, உள்ள போலாம்.