கூரைக்குள் போன கம்பளி

பெரியவர்களே, உள்ளே வந்ததும் நீங்கள் எல்லோரும் மேலங்கியைக் கழற்றிவிட்டீர்கள். சனவரி மாதத்தில் நம் நாரின் மலைநாட்டில் வேறெந்த வீட்டில் அப்படி நடக்கும்? முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்தைப் பிறகு பேசலாம்.

போன குளிர்காலத்தில் என் மனைவி பெர்மெத் தினமும் ஒரே பாட்டுதான் பாடினாள். இந்த வீட்டில் தேநீரை ஊற்றி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடுகிறதாம். பெண்டாட்டியைக் குளிரில் வைத்திருக்கும் ஆண்பிள்ளை என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரையும்போல இந்த முறை இலையுதிர்காலத்திலேயே மாவுப்பசை காய்ச்சிச் சன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டினேன். அவளுடைய அம்மா தைத்துக் கொடுத்த கம்பள விரிப்பை நறுக்கிக் கதவிடுக்கில் அடைத்தேன். வெட்டினால்தானே அடைக்க முடியும்?

பிறகுதான் சூடு கூரை வழியாகத் தப்பிப் போகிறது என்று புரிந்தது. பெர்மெத்தின் சீதன மெத்தைகள் சுவரோரம் அடுக்கடுக்காகச் சும்மா கிடந்தன. அவற்றைப் பிரித்து உள்ளே அடைத்திருந்த கம்பளி மயிரைக் கூரைப் பலகைக்கு மேலே பரப்பினேன். பாதிக் கூரைக்குத்தான் வந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் தேநீர் சூடாகத்தான் இருந்தது.

மீதிப் பாதிக்கு நான் எங்கே போவேன்? கொட்டிலில் மெலிஸின் ஆடுகள் நின்றன. மெலிஸ் அவளுடைய தம்பி. வசந்தத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுக்க வளர்த்த பன்னிரண்டு செம்மறி ஆடுகளையும் என்னை நம்பி அமானிதமாக ஒப்படைத்துவிட்டு நகரத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். நான் கத்தரிக்கோலைத் தீட்டுவதைப் பெர்மெத் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அது என் தம்பியோட பரிசம். பனியில மொட்டையடிச்சா ஒண்ணுகூட மிஞ்சாது. அவன் கல்யாணமே நின்னுபோயிடும்."

மயிர்தானே, வளர்ந்துவிடும் என்றேன். ஒரே பகலில் வேலை முடிந்தது. கூரை நிறைந்தது.

ஆனால் ஆடுகள் வெடவெடவென்று நடுங்கின. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குள் ஓட்டி வந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு உடம்பின் சூட்டில் அடுப்பையே அணைத்துவிட்டேன். ஒரு கரண்டி நிலக்கரிகூடச் செலவில்லை. பெர்மெத் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள், "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்." அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா ஆடுகளைப் பார்க்க வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மெலிஸ்தான் அழைத்து வந்தான். கதவைத் திறந்தால், விருந்தாளிக்கென்று ஒதுக்கிய மேலிடத்தில், நல்ல விரிப்பின்மேல், மொட்டை ஆடுகள் வரிசையாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. இரண்டுக்குப் பெர்மெத்தின் கல்யாணச் சால்வையைப் போர்த்தியிருந்தேன். அவை சளி பிடித்தவை. எழுப்பினால் சூடு கலைந்துவிடும் என்பதால் சம்பந்தியைக் கதவோரம், செருப்புப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

அவர் உட்காரவில்லை. குளிர்காலத்தில் ஆட்டை உரிக்கிற குடும்பத்துக்குப் பெண் கொடுத்தால் அவளையும் உரித்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

மெலிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "அத்தான், ஒங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்" என்றான், அவ்வளவுதான். மொட்டை ஆடுகளைப் பனியில் ஓட்டிப்போக முடியாதே, அவற்றை இங்கேயே விட்டுவிட்டுப் பெர்மெத் கோட்டை மாட்டிக்கொண்டு தம்பியோடு கிளம்பினாள். "இந்தச் சூட்டுக்கு அந்தக் குளிரே தேவலைங்க" என்றாள். அவன் வீட்டில் தண்ணீர்க் குடமே உறைந்துபோகும். பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

சரி, ஒப்புக்கொள்கிறேன். மெத்தையைப் பிரித்தது நான். ஆட்டை மொட்டையடித்தது நான். அமானிதத்தில் கை வைத்தது நான். கல்யாணம் முறிந்ததும் என்னால்தான் என்று நீங்கள் சொன்னால், இவ்வளவு தூரம் பனியில் நடந்து வந்தவர்களோடு வாதாட மாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு குறைதான். அவள் போனதிலிருந்து படுக்கையில் அவள் பக்கம் மட்டும் சில்லென்று இருக்கிறது. இரண்டு ஆடுகளை அங்கே படுக்க வைத்துப் பார்த்தும் ஏனோ சூடேறவில்லை. நீங்கள் பேசி அவளை அனுப்பி வைத்தால் நல்லது. முடியாது என்றால் இன்னும் இரண்டு ஆடு தாருங்கள். மொட்டையடிக்காததாக இருக்கட்டும்.